நல்ல இடம் என்பது யாருடைய தீர்ப்பு?

கட்டடம், தெரு, பூங்கா, ஊர் என்று தனித்தனித் தொழில்களாகப் பிரிக்காமல், மனிதர் வாழும் சூழல் முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு கற்பிப்பது சுற்றுச்சூழல் வடிவமைப்புக் கல்வி. இதற்குப் பல்கலைக்கழக அளவில் உருவம் கொடுத்த முன்னோடிகளில் ஒன்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். கட்டடக் கலைஞர் வில்லியம் வுர்ஸ்டர் 1959இல் கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், நிலவெளி வடிவமைப்பு ஆகிய மூன்றையும் அங்கே ஒரே கல்லூரிக்குள் கொண்டுவந்தார். இவற்றுள் நிலவெளி வடிவமைப்பு 1913இல் வேளாண்மைக் கல்வியின் ஒரு கிளையாக, தோட்டம் அமைப்பதையும் பூச்செடி வளர்ப்பதையும் சொல்லித்தரும் துறையாகத் தொடங்கியது.

மண்ணின் தாங்குதிறன், மழைநீர் வடியும் பாதை, வெயில் விழும் கோணம், கட்டுமானச் செலவு, கட்டட விதிகள் எல்லாம் இந்தப் படிப்பில் பாடங்கள். இவற்றில் சரியான விடையும் தவறான விடையும் உண்டு. மாணவரின் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கும் ஸ்டூடியோ என்ற வடிவமைப்புப் பயிற்சி வகுப்பில் மட்டும் கேள்வி வேறு வகையானது. மாணவர் வரைந்து சுவரில் ஒட்டிய இடம் நல்ல இடமா என்று அங்கே கேட்கிறார்கள்; ஜூரியாக அமர்ந்த ஆசிரியர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். அறிந்தோ அறியாமலோ அவர்கள் மெய்யியலின் பழைய வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொல்கிறார்கள். நன்மை பொருளிலேயே இருக்கிறதா, பார்ப்பவரின் மனத்தில் இருக்கிறதா என்பதே அந்த வழக்கு.

ஸ்டூடியோவில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்த்து எழுதியவர் டொனால்டு ஷோன். 1983இல் வெளிவந்த 'தி ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஷனர்' என்ற நூலில் குவிஸ்ட் என்ற ஆசிரியரும் பெட்ரா என்ற மாணவியும் வருகிறார்கள். பெட்ரா ஒரு தொடக்கப்பள்ளியை வடிவமைக்கிறார். மனை சரிவானது, கட்டடத்தை அந்தச் சரிவோடு பொருத்த முடியாமல் திணறுகிறார். ஆறு வகுப்பறைகள் தனித்தனியாக மிகச் சிறியனவாகத் தெரிந்ததால், இரண்டிரண்டாகச் சேர்த்து 'எல்' வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். குவிஸ்ட் அவருடைய படத்தின் மேலேயே வரைந்துகொண்டு பேசுகிறார். முதலில் ஏதேனும் ஓர் ஒழுங்கை, அது தன்னிச்சையானதாக இருந்தாலும், சரிவின் மேல் சுமத்திப் பார். பிறகு வேண்டுமானால் அதை உடைத்துக்கொள்ளலாம் என்பது அவர் தரும் யோசனை. விதியை முன்னால் வைத்துக்கொண்டு அதை மனைக்குப் பொருத்துவது அவர் வழக்கமல்ல. ஒரு கோடு போடுகிறார், அது என்ன செய்கிறது என்று பார்க்கிறார், அடுத்த கோட்டைப் போடுகிறார்.

திறமை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சித்திரம் அரிது. ஆனால் ஒவ்வொரு கோட்டையும் எதை வைத்து எடைபோடுகிறார் என்பதைக் குவிஸ்ட் சொல்வதே இல்லை. பெட்ராவும் கேட்பதில்லை. உலகெங்கும் ஸ்டூடியோக்கள் இந்த மௌனத்தின் மேல்தான் நடக்கின்றன.

இந்த மௌனத்துக்கு நியாயம் கற்பிக்க வேண்டுமானால் மெய்யியலாளர் டேவிட் ஹியூமிடம் போகலாம். ரசனையின் அளவுகோல் பற்றி 1757இல் எழுதிய கட்டுரையில் அவர் 'டான் கிஹோத்தே'யில் வரும் கதை ஒன்றை எடுத்தாள்கிறார். மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர் தோல் வாடை அடிக்கிறது என்கிறார், மற்றவர் இரும்பு வாடை என்கிறார். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய சாவி ஒன்று கிடக்கிறது. பழகிய நாக்கு பிறருக்குத் தெரியாததை அறியும் என்பது ஹியூமின் வாதம்; ஐந்தாண்டுப் பயிற்சி பெற்ற கண்ணும் அப்படித்தான் என்று ஸ்டூடியோ ஆசிரியர் சொல்லிக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், கதையில் சாவி கிடைத்துவிடுகிறது. இடங்களின் விஷயத்தில் பீப்பாயின் அடியில் என்ன கிடக்கிறது? கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த முக்கியமான சர்ச்சைகள் எல்லாம் அந்தச் சாவியைத் தேடியவையே.

இமானுவேல் கான்ட் 1790இல் இன்னொரு வழியைக் காட்டினார். தமக்கு முன்னால் இருக்கும் ஓர் அரண்மனை அழகானதா என்று ஒருவரைக் கேட்பதாக அவர் ஓர் உதாரணம் தருகிறார். சும்மா வாய்பிளந்து பார்ப்பதற்கென்றே கட்டியவை எனக்குப் பிடிக்காது என்று கேட்கப்பட்டவர் சொல்லலாம். பாரிஸில் சமையற்கடைகளைத் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லை என்ற இரோகுவா தலைவரைப் போலப் பேசலாம். மக்களின் வியர்வையை இப்படிப்பட்ட வீண் பொருள்களில் கொட்டும் பெரிய மனிதர்களை ரூசோவின் பாணியில் திட்டலாம். எல்லாம் சரியாகவே இருக்கட்டும், ஆனால் கேள்வி அதுவல்ல என்று கான்ட் அவற்றை ஒதுக்கிவிடுகிறார். பார்ப்பவரின் தேவையும் ஆசையும் கலவாமல், வெறும் காட்சியாக அது இன்பம் தருகிறதா என்பதே அவருக்கு வேண்டியது.

சுற்றுச்சூழல் வடிவமைப்பு ஒரு துறையாகப் பிறந்ததே, கான்ட் ஒதுக்கிய மூன்று பதில்களையும் மீண்டும் உள்ளே அழைத்ததால்தான் எனலாம். யாருடைய வியர்வை, பசித்தவருக்கு எங்கே சோறு கிடைக்கும், யார் பார்ப்பதற்காக என்ற கேள்விகள் ஓர் இடத்தின் நன்மைக்கு வெளியே நிற்பவை அல்ல. இருந்தும் கான்ட் சொன்னதில் ஒரு பாதி மிஞ்சுகிறது. கேனரித் தீவு மது எனக்குப் பிடிக்கும் என்பவர் தம்மைப் பற்றி மட்டும் பேசுகிறார். இது அழகானது என்பவரோ கேட்பவரின் ஒப்புதலையும் கோருகிறார். ஜூரியில் 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று மட்டும் சொல்லும் ஆசிரியர் மாணவருக்கு எதையும் கற்றுத்தரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தனிப்பட்ட விருப்பத்தைத் தாண்டிய எதையோ அவர் சொல்லியாக வேண்டும். அது எது?

1960களின் தொடக்கத்தில் இதற்குக் கணிதம் விடை சொல்லும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1962 செப்டம்பரில் லண்டனில் வடிவமைப்பு முறைகள் பற்றிய மாநாடு கூடியது. ஜெர்மனியின் உல்ம் நகர வடிவமைப்புப் பள்ளியில் ஏற்கெனவே கணிதமும் தகவல் கோட்பாடும் பாடங்களாகிவிட்டிருந்தன. அந்த நம்பிக்கையின் மிகக் கூர்மையான நூலை எழுதியவர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர். 1936இல் வியன்னாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கணிதமும் கட்டடக்கலையும் படித்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, 1963இல் பெர்க்லியில் ஆசிரியரானவர். அவர் தனியாக எழுதிய முதல் நூல் 1964இல் வந்தது. நல்ல இடம் எது என்று நேரடியாகச் சொல்ல முயல வேண்டாம். எங்கே உராய்கிறது, எங்கே இடிக்கிறது, எங்கே பொருந்தவில்லை என்பதை எல்லோராலும் சொல்ல முடியும், அவற்றை ஒவ்வொன்றாக நீக்கினால் மிஞ்சுவது நன்மை என்பது அதன் வாதம். எதிர்மறையால் நன்மையை வரையறுக்கும் இந்த வழி புத்திசாலித்தனமானது.

அதற்கு அவர் எடுத்துக்கொண்ட செய்முறை உதாரணம் இந்தியக் கிராமம். குஜராத்தின் பாவ்ரா என்ற ஊரில் தங்கியிருந்து, அங்கே சிறு பள்ளிக்கூடம் ஒன்றையும் கட்டிய அனுபவத்தின் மேல், அறுநூறு பேர் வாழும் ஓர் ஊருக்கான 141 தேவைகளைப் பட்டியலிட்டார். ஊரார் தாங்களே உணரும் தேவைகள், நாட்டின் வளர்ச்சி நோக்கங்கள் கேட்கும் தேவைகள், பழைய ஊர் சத்தமின்றி ஏற்கெனவே நிறைவேற்றிவரும் தேவைகள் என மூன்று வகையும் அதில் உண்டு. எது எதோடு தொடர்புடையது என்று குறித்து, கணினியின் துணையால் அவற்றைத் தொகுதிகளாகப் பிரித்தார்.

பட்டியலைத் திறந்ததும் கண்ணில் படுவது சமயமும் சாதியும். தாழ்த்தப்பட்டோரைத் தீட்டாகக் கருதும் வழக்கம் அதில் ஓர் உருப்படி. வீட்டு வாசல் தெற்கு நோக்கக்கூடாது என்பது இன்னோர் உருப்படி. ஒரு சாதியார் தங்களுக்குள் சேர்ந்தும் பிறரிடமிருந்து விலகியும் இருக்க விரும்புவது வேறோர் உருப்படி. இவற்றை அலெக்ஸாண்டர் ஆதரித்து எழுதினார் என்று சொல்வது அநியாயம். கண்டதைக் குறித்துக்கொண்டார், அவ்வளவே. ஆனால் அவருடைய முறையில் தேவை தேவைதான். பொருந்தாமையை நீக்குவதே நன்மை என்றால், தீண்டாமையோடு இடிக்காத ஊரும் அந்த அளவில் நன்றாகப் பொருந்திய ஊரே. எந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும், எதை வேண்டுமென்றே இடிக்க வேண்டும் என்று அந்தக் கணிதத்தால் சொல்ல முடியாது. கணினி இயங்குவதற்கு முன்பே, பட்டியல் எழுதும் மேசையில், அறம் பற்றிய முடிவுகள் எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டன. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஊரும் சேரியும் என்ற பிரிவு வடிவமைப்பின் அளவில் மிகத் துல்லியமானது. நீரோட்டம், காற்றின் திசை, பாதை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

பழைய இந்திய நூல்கள் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் விடை சொன்னவை. நன்மை மண்ணிலேயே இருக்கிறது என்பது அவற்றின் நிலை. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை, மனையின் நடுவே ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணாலேயே அதை மீண்டும் நிரப்பிப் பார்க்கச் சொல்கிறது. மண் மிஞ்சினால் உத்தமம், சமமானால் மத்திமம், குறைந்தால் ஆகாது. மண்ணின் இறுக்கத்தைக் கையால் அறிய இது மோசமான சோதனை அல்ல. அடித்தளம் போடுபவருக்கு உதவும். ஆனால் அதே நூலில் அதே மூச்சில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு மண்கள் நான்கு வருணங்களுக்கும் பங்கிடப்படுகின்றன. மண் பற்றிய உண்மையும் சமூகப் படிநிலையும் ஒரே தொனியில், ஒரே அதிகாரத்தோடு பேசுகின்றன. நன்மை இடத்திலேயே இருக்கிறது என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது. அந்த நன்மையோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் இடத்துக்குள் ஏற்றப்பட்டிருக்கின்றன?

இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் இதே கேள்விக்கு வேலை இருந்தது. போருக்குப் பின் ஜெர்மனி வீட்டுப் பஞ்சத்தில் தவித்த 1951இல், டார்ம்ஸ்டாட் நகரில் கட்டடக் கலைஞர்களின் கூட்டத்தில் மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெக்கர் ஓர் உரை நிகழ்த்தினார். வீடுகள் போதாமை உண்மையான நெருக்கடி அல்ல, குடியிருத்தல் என்றால் என்ன என்பதை மனிதர் மறந்ததே நெருக்கடி என்றார். மண், வானம், தெய்வங்கள், சாகப்போகும் மனிதர் ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடும்போதுதான் அது குடியிருப்பாகிறது என்பது அவர் கருத்து. அதற்குக் காட்டிய உதாரணம் கருங்காட்டுப் பகுதியின் பழைய பண்ணைவீடு: காற்றுக்கு மறைந்த மலைச்சரிவில், பனியைத் தாங்கும் கூரையோடு, பொதுமேசைக்குப் பின்னே வழிபாட்டு மூலையும், பிள்ளை பிறக்கவும் பிணம் கிடத்தவும் ஒதுக்கிய இடங்களும் கொண்டது. மீண்டும் அப்படியே கட்டச் சொல்லவில்லை என்று அவரே சொன்னார். ஆனாலும் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் மண்ணையும் வேரையும் பற்றிப் பேசும்போது கேட்பவர் காதைத் தீட்டிக்கொள்வது நியாயமே. நார்வேக்காரரான கிறிஸ்டியன் நோர்பெர்க்-ஷுல்ஸ் 1980இல் ஆங்கிலத்தில் வெளியான தம் நூலின் வழியாக இந்தச் சிந்தனையைக் கட்டடக்கலைப் பள்ளிகளில் பரப்பினார். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தெய்வம் உண்டு என்ற ரோமானிய நம்பிக்கையின் பெயரையே நூலுக்கு வைத்தார். இன்றும் மனை ஆய்வுப் பயிற்சிகளில் 'இடத்தின் ஆன்மா' என்று மாணவர்கள் எழுதுவது அந்த வழியில் வந்தது. எழுதுவோரில் பலர் டார்ம்ஸ்டாட் உரையைப் படித்திருக்க மாட்டார்கள்.

இடத்தின் நன்மையை நிலத்தின் இயல்பிலிருந்து அறிவியலாகவே வாசித்துவிடலாம் என்று முயன்றவர் இயான் மெக்ஹார்க். ஸ்காட்லாந்தில் பிறந்து பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நிலவெளி வடிவமைப்புத் துறையைக் கட்டியெழுப்பியவர். மண், சரிவு, வெள்ளம் பாயும் பகுதி, காடு, வரலாற்றுச் சின்னங்கள் என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒளிபுகும் தாளில் சாயம் பூசி, மதிப்புக் கூடிய இடத்தைக் கருமையாக்கி, எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது அவர் முறை. வெளிறிய பகுதி வழியாகச் சாலை போடலாம். ஸ்டேடன் தீவின் ரிச்மண்ட் நெடுஞ்சாலைக்கு இப்படி ஒரு வழி காட்டினார். இன்றைய கணினி வழிப் புவித்தகவல் முறைகளில் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது இதே சிந்தனையைப் பின்தொடர்கிறது. மெக்ஹார்க் வெறும் நிலப்பட ஆய்வாளராக நின்றுவிடவில்லை. மனிதன் பூமியை ஆளட்டும் என்ற ஆதியாகம வாக்கே மேற்கத்திய நாசத்தின் வேர் என்று சாடினார். இறையியலாளர் பால் டில்லிக், மானிடவியலாளர் மார்கரெட் மீட் போன்றோரை அழைத்து 1960இல் தொலைக்காட்சித் தொடரே நடத்தினார். 1969இல் வந்த 'டிசைன் வித் நேச்சர்' நூல் பாதி ஆய்வு, பாதி பிரசங்கம்.

பிரசங்கம்தான் நேர்மையான பாதி. ஆய்வுப் பாதியில் ஒரு மறைவு இருக்கிறது. காட்டின் கருமையும் பழைய தேவாலயத்தின் கருமையும் ஏன் ஒரே அளவு? தாள்களை அடுக்கினால் சாயங்கள் தாமாகக் கூடிவிடுகின்றன. மதிப்புகள் அப்படிக் கூடுவதில்லை. சதுப்புநிலம் பெரிதா, ஏழைகள் வாழும் தெரு பெரிதா என்பதை இயற்கை சொல்லவில்லை. தாளில் சாயம் பூசிய கை சொல்கிறது.

அளவீட்டின் பக்கம் கிடைத்த மிகப் புகழ்பெற்ற சான்று ரோஜர் உல்ரிக் 1984இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளை 23 இணைகளாக்கி ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினர். செங்கல் சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. முதல் சாரார் கடுமையான வலிநிவாரணிகளையும் குறைவாகவே எடுத்துக்கொண்டனர். சிறிய ஆய்வுதான். ஆனால் மரம் தெரியும் சன்னல் வெறும் ரசனை விஷயம் என்று அதற்குப் பிறகு எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை. ஆயினும் இந்த வகைச் சான்று, வலி குறைவது நல்லது என்பது போல யாரும் மறுக்காத நன்மையிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு நன்மைகள் மோதும்போது, சன்னல் வைத்த பத்துப் படுக்கைகளா, சன்னலில்லாத பதினைந்தா என்று வரும்போது, எண்கள் வாயை மூடிக்கொள்கின்றன.

அந்த மோதலையே மையமாக எடுத்துக்கொண்டவர் ஹோர்ஸ்ட் ரிட்டல். பெர்லினில் பிறந்த கணிதவியலாளர். உல்ம் பள்ளியில் கற்பித்து, அலெக்ஸாண்டர் வந்த அதே 1963இல் பெர்க்லிக்கு வந்தார். நகரத் திட்டமிடல் பேராசிரியர் மெல்வின் வெப்பருடன் சேர்ந்து அவர் 1973இல் வெளியிட்ட கட்டுரை, வடிவமைப்பிலும் திட்டமிடலிலும் வருபவை கணக்குப் பாடத்துக்கு அடங்காத வில்லங்கமான பிரச்சினைகள் என்று வாதிட்டு, அவற்றுக்குப் பத்து இயல்புகளைச் சொன்னது. பிரச்சினை இன்னதுதான் என்று முடிவாக எழுதிவிட முடியாது. எங்கே நிறுத்துவது என்று விதி இல்லை. விடைகளைச் சரி, தவறு என்று பிரிக்க முடியாது; நல்லது, மோசம் என்றுதான் சொல்லலாம், அதுவும் சொல்பவரின் நிலையைப் பொறுத்தது. பிரச்சினைக்கு எந்தக் காரணத்தைச் சொல்கிறோமோ அதுவே எந்தத் தீர்வைத் தேடுவோம் என்பதையும் தீர்மானித்துவிடும்.

கட்டுரை வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில் செயின்ட் லூயி நகரின் புரூயிட்-ஐகோ குடியிருப்பை இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். மினோரு யமசாகி வடிவமைத்து 1950களின் நடுவில் எழுந்த, பதினோரு மாடி கொண்ட 33 கட்டடங்கள் அவை. வடிவமைப்பே குற்றவாளி என்றார்கள் கட்டடக்கலை விமர்சகர்கள். நகரம் மக்களை இழந்துகொண்டிருந்தது, பராமரிப்புக்கு வாடகைப் பணத்தையே நம்பியிருந்தார்கள், இனப் பாகுபாடு கறுப்பின ஏழைகளை அங்கே தள்ளியது என்றார்கள் வேறு சிலர். முதல் காரணத்தை ஏற்றால் வேறு மாதிரி கட்டடம் கட்ட வேண்டும். இரண்டாவதை ஏற்றால் கட்டடத்தைத் தொடவே தேவையில்லை. இடித்த பிறகும் எந்த விளக்கம் சரி என்ற வழக்கு முடியவில்லை. ரிட்டல் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தைத் தேட வேண்டாம்.

ரிட்டல் சொன்ன பத்தில் கடைசி இயல்புதான் எல்லாவற்றிலும் கனமானது. அறிவியலில் ஒரு கருதுகோள் பொய்த்துப்போனால் அதை முன்வைத்தவரை யாரும் குற்றம் சொல்வதில்லை. கார்ல் பாப்பர் விளக்கியபடி அப்படித்தான் அறிவு வளர்கிறது. திட்டமிடுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் தவறினால் அந்தத் தவறுக்குள் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். நன்மை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ரிட்டல் விடை சொல்லவில்லை. தவறின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியாக அதை மாற்றிவிட்டார். பிறகு தம் உழைப்பை, பாதிக்கப்படுபவர்கள் எல்லோரும் தங்கள் வாதங்களை ஒழுங்காகப் பதிவு செய்து மோதிக்கொள்ளும் முறைகளை உருவாக்குவதில் செலவிட்டார்.

அதே கல்லூரியில் அலெக்ஸாண்டர் எதிர்த் திசையில் நடந்தார். முதல் நூலின் 1971ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையிலேயே, வடிவமைப்பு முறைகளைத் தனித் துறையாக ஆராயும் போக்கைக் கைகழுவிவிட்டார். சக ஆசிரியர்களோடு சேர்ந்து 1977இல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' 253 வடிவக்கூறுகளைத் தொகுத்தது. ஒவ்வோர் அறைக்கும் இரு பக்கங்களிலிருந்து வெளிச்சம் வர வேண்டும். ஆறடிக்குக் குறைந்த அகலமுள்ள பால்கனியை மக்கள் பயன்படுத்த மாட்டார்கள் என்பன போன்றவை அவை. (பின்னது சென்னை அடுக்ககவாசிகளுக்குப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அங்கே பால்கனி துணி காயப்போட மட்டும்.) இந்தத் தொகுப்பின் மெய்யியல் நேர்மை அதன் நட்சத்திரங்களில் இருக்கிறது. மாறாத உண்மையைக் கண்டுவிட்டோம் என்று ஆசிரியர்கள் நம்பிய கூறுக்கு இரண்டு நட்சத்திரம். பாதி தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு ஒன்று. இன்னும் பிடிபடவில்லை என்பதற்கு எதுவுமில்லை. இடத்தின் நன்மை ஓர் உண்மை என்று வாதிட்டவர்கள், அந்த உண்மையில் தங்களுக்கு எவ்வளவு பிடி கிடைத்தது என்பதையும் அச்சிட்டார்கள்.

1982 நவம்பரில் ஹார்வர்டில் கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மனோடு நடந்த விவாதத்தில் இந்த நிலைப்பாடு வெளிப்படையாக மோதியது. நவீன வாழ்க்கை பதற்றம் நிறைந்தது, அந்தப் பதற்றத்தை மறைத்துச் சுகம் தரும் கட்டடம் பொய் சொல்கிறது என்பது ஐசன்மனின் பக்கம். உலகில் பதற்றம் போதிய அளவு இருக்கிறது, கட்டடம் வேறு அதைக் கூட்ட வேண்டுமா என்பது அலெக்ஸாண்டரின் பக்கம். தானாக விரும்பி நுழையும் அருங்காட்சியகத்துக்கு ஐசன்மனின் வாதம் பொருந்தும். அரசு ஒதுக்கிய வீட்டில் வேறு வழியின்றிக் குடியேறுபவருக்கு, கட்டடக் கலைஞரின் பதற்றத்தில் வாழும் கடமை எதுவுமில்லை.

2002 முதல் நான்கு பகுதிகளாக வந்த 'தி நேச்சர் ஆஃப் ஆர்டர்' நூலில் அலெக்ஸாண்டர் இறுதி அடியையும் எடுத்துவைத்தார். உயிர்ப்பு என்பது பருப்பொருளின், வெளியின் புறநிலைப் பண்பு என்றார்; அதைத் தாங்கும் பதினைந்து வடிவப் பண்புகளையும் சொன்னார். அவற்றை எப்படி அறிவது? தக்காளிச் சாஸ் பாட்டிலையும் உப்புக் குடுவையையும் முன்னால் வைத்து, இந்த இரண்டில் எது உன் முழு மனத்தின் சித்திரமாக இருக்கத் தகுதியானது என்று கேட்கிறார். எது அழகு, எது பிடிக்கும் என்று கேட்டால் கருத்துகள் சிதறும். இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் ஒரே பொருளைச் சுட்டுகிறார்கள் என்பது அவர் அனுபவம். பொருளின் நன்மையும் காண்பவரின் ஆழ்ந்த தன்னிலையும் ஒரே இடத்தில் வேர்கொண்டவை என்று நான்காம் பகுதி சொல்கிறது. 2016இல் எழுதிய ஒரு கட்டுரையில், தோட்டத்தைச் செவ்வனே செய்வதும் கடவுளை அறிவதும் ஒரே பாதை என்ற அளவுக்குப் போனார். அத்வைதம் படித்தவர்களுக்கு இந்த முடிவு திகைப்பூட்டாது. அவர் அங்கே வந்து சேர்ந்த வழிதான் வியப்பு: கணிதம், குஜராத் கிராமம், பால்கனி அகலம், பல ஆண்டுகள் சேகரித்துப் பார்த்த துருக்கிக் கம்பளங்கள்.

இரண்டு பொருள்களை முன்வைத்துக் கேட்கும் இந்தச் சோதனையில் ஓட்டை உண்டு. பெரும்பாலோர் ஒத்துப்போனால் அது உண்மைக்குச் சான்று. ஒத்துப்போகாதவர் இன்னும் சரியாகப் பார்க்கக் கற்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் கோட்பாடு பிழைத்துக்கொள்கிறது என்றால், அது சோதனையாக நடக்கவில்லை, நம்பிக்கையாக நடக்கிறது. வராகமிகிரரின் நான்கு நிற மண்ணை நினைவில் வைத்திருப்பவர் இதை எளிதில் கடந்துபோக முடியாது. ஒத்த மனத்தோர் கூடிய அறையில் தீட்டுக்கும் ஒருமித்த ஆதரவு கிடைத்ததுண்டு.

ஆனாலும் அலெக்ஸாண்டரைத் தள்ளிவிட்டு ரிட்டலை மட்டும் வைத்துக்கொள்ளவும் முடியாது. எல்லாம் அவரவர் நிலையைப் பொறுத்ததே என்றால், பாதிக்கப்படுபவர்கள் கூடி எதைப் பற்றி வாதிடுவார்கள்? இருண்ட அறையில் வாழ்பவர் 'இது என் கருத்து' என்று சொல்வதில்லை. அறை இருட்டாக இருக்கிறது என்கிறார். அவர் பேசுவது இடத்தைப் பற்றி. வாதம் நடக்க வேண்டும் என்ற ரிட்டலின் அறமும், வாதத்துக்குப் பொருள் உண்டு என்ற அலெக்ஸாண்டரின் நம்பிக்கையும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இருவரும் உடன்படக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: அங்கே வாழ்பவர் சோதனைக்குள் இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகப் படிப்பில் இல்லாதது சரியாக அதுதான். மாணவரின் வடிவமைப்பு பெரும்பாலும் கட்டப்படுவதில்லை. கட்டப்படாததில் யாரும் குடியேறுவதில்லை. குடியேறாதவர் ஜூரியில் அமர முடியாது. ஆசிரியர்கள் அவருக்குப் பதிலாக அமர்ந்து, அவர் சார்பில் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் முதலாண்டு முதுகலை மாணவர்கள் ஒரு கட்டடத்தைத் தாங்களே வடிவமைத்துக் கட்டுகிறார்கள். அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டூடியோ 1993இல் சாமுவேல் மாக்பீ, டி. கே. ரூத் இருவராலும் தொடங்கப்பட்டது. வறுமை மிகுந்த ஹேல் மாவட்டத்தில் மாணவர்கள் தங்கி, அங்கிருக்கும் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருகிறார்கள். 1994இல் முடிந்த முதல் வீட்டின் சுவர்கள் வைக்கோல் கட்டுகளால் ஆனவை. ஸ்டூடியோ அதே வட்டாரத்திலேயே இயங்குவதால், கூரை ஒழுகினால் கட்டியவர்களின் காதுக்குச் செய்தி வந்துவிடும்.

எல்லாக் கல்லூரியும் வீடு கட்டித் தர முடியாது. ஆனால் ஏற்கெனவே கட்டி ஆள் வாழும் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொண்டு, அதன் வரைபடத்துக்கு மாணவர் போடும் மதிப்பெண்ணையும் அங்கே வாழ்பவர் போடும் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு பயிற்சிக்குச் செலவு அதிகம் இல்லை. முதலாண்டிலேயே அதை வைக்கலாம்.